படத்துக்குத் தமிழ் சொன்னவன்

என் ஐம்பத்திரண்டு வயதில் மொத்தம் ஐந்து சினிமாப் படங்கள்தான் பார்த்திருக்கிறேன். நான்கு பக்திப் படங்கள். ஐந்தாவது ஓர் இந்திச் சிரிப்புப் படம். அந்த ஐந்தாவதை மட்டும் பன்னிரண்டு நாளில் இருபத்து நான்கு தடவை பார்த்தேன். மற்றபடி சினிமாப் பைத்தியம் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

இன்ஸ்பெக்டர் ஐயா, இதை நானே என் கையால் எழுதுகிறேன். உங்கள் ரைட்டர் நல்ல மனிதர், ஆனால் நான் ஒரு வாக்கியம் சொன்னால் அவர் அரை வாக்கியம் எழுதுகிறார். நாளைக்குக் கோர்ட்டில் என் பேரில் ஓர் அரைகுறை வாக்கியம் படிக்கப்படுவதை நான் விரும்பவில்லை. காகிதம் கேட்டதும் கொடுத்தீர்கள். காப்பியும் வந்தது. நன்றி.

முந்தாநாள் நீங்கள் என்னிடம் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். "நீங்க ஊட்டுக்குப் போங்க சாமி. உங்களுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? படத்துக்குக் கதை சொன்னீங்க, அவ்ளோதான்." இதுதான் நீங்கள் சொன்னது. வீரராகவன் வாத்தியாரைக் கொன்றதாகப் பதினேழு பேரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். எல்லாரும் நெல் அறுப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள். பாதிப் பேருக்குக் கையெழுத்து வராது. குல்சும் என்கிற பெண் உங்களிடம் வந்து என்னைப் பற்றிச் சொன்னாள். பொம்பளைப் பேச்சு என்று தள்ளிவிட்டீர்கள். அது தப்பு. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

என் பெயர் மணவாளன். பொன்னேரிக்கும் ஆரணிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் ஹைஸ்கூலில் எட்டு வருஷமாக இந்திப் பண்டிதர். வாலிபத்தில் மூன்று வருஷம் காசியில் இருந்து படித்தவன். வேலையில் சேர்ந்தபோது என் வகுப்பில் நாற்பது பேர். பிறகு இந்தி இஷ்டப்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். பிறகு இந்தி மார்க் தேர்ச்சிக்குக் கணக்கில்லை என்றார்கள். கணக்கில்லாத பாடத்தை எந்தப் பிள்ளை படிக்கும்? நாற்பது பதினொன்றாயிற்று, பதினொன்று மூன்றாயிற்று. அந்த மூன்றிலும் ஒருவன் தூங்குவதற்காக வந்தான். ஆனாலும் தினமும் மூன்றாம் பீரியட் மணி அடித்தவுடன் நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து ஆஜர் எடுத்தேன். ஒரு நாள் தவறியதில்லை. இதை ஹெட்மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் வீரராகவன் வந்து சேர்ந்தான். அவன் இவன் என்று எழுதுவதை மன்னிக்க வேண்டும், என் மகன் வயது. திருவள்ளூர்க்காரன், கணக்கு வாத்தியார். நான்காம் பாரத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை தவறின ஒன்பது பேர் இருந்தார்கள். வாத்தியார்கள் எல்லாரும் கைவிட்ட பிள்ளைகள். ஒருவனுக்குத் திக்குவாய், ஒருவன் கைக்குக் கிடைத்ததை எடுத்து வைத்துக்கொள்வான், ஒருவன் முளைத்த மீசையைச் சிரைக்கவும் ஆரம்பித்திருந்தான். அந்த ஒன்பது பேரையும் தனக்குக் கொடுங்கள் என்று வீரராகவன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அவன் பாடம் நடத்திய லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். களத்துமேட்டில் வைக்கோல் போரை அளந்து கன அளவு சொல்லித் தந்தான். ரயில்வே ஸ்டேஷனில் உட்கார வைத்து வண்டி வரும் நேரத்தை வைத்து வேகக் கணக்குப் போட வைத்தான். தென்னங்கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சாக நூறு முடிச்சுப் போட்டு, பத்தாம் முடிச்சுகளுக்கெல்லாம் அடையாளமாகக் குங்குமம் தடவி, அந்தக் கயிற்றை ஒன்பது பேரும் தோளில் சுமந்துகொண்டு ஊரெல்லாம் அளந்தார்கள். திக்குவாய்ப் பையன் கன்னியப்பன் பாடினால் திக்குவதில்லை என்று வீரராகவன் கண்டுபிடித்தான். அதனால் முடிச்சு எண்ணுவது அந்தப் பையன் வேலை. கயிறு ஓட ஓட, ஒன்று இரண்டு என்று ராகம் போட்டு அவன் பாடுவான். தெருவில் போகிறவர்கள் நின்று சிரிப்பார்கள். சிரித்தாலும் நின்றார்கள், அதுதான் விஷயம்.

ஒன்பது பேருக்கும் தனியாக ஓர் அறை வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் என் அறையைக் கொடுத்தார். கூடவே மூன்றாம் பீரியடையும் கொடுத்தார். என்னை மேப்புகள் சுருட்டி வைக்கும் அறைக்கு அனுப்பினார். "உமக்கு இதிலே என்ன சம்பந்தம் ஓய், மூன்று பிள்ளைகளுக்கு அந்த இடம் போதாதா?" என்றார். அந்த வார்த்தையை அப்போதுதான் முதல் தடவை கேட்டேன்.

இனி படத்துக்கு வருகிறேன்.

ஆற்றுத் திருப்பத்தில் கொட்டகை போட்டிருக்கும் ஹபிபுல்லா பழவேற்காட்டுக்காரர். கைலி வியாபாரக் குடும்பம். பொங்கலுக்குத் தமிழ்ப் படம் கிடைக்காமல், பட்டணத்தில் ஓர் இந்திப் படத்தைப் பெட்டியோடு எடுத்து வந்துவிட்டார். வந்த பிறகு கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"வாத்தியாரே, நீங்கதான் காப்பாத்தணும். நாங்க முஸ்லிமுன்னா உருது இந்தி எல்லாம் பேசுவோம்னு ஊரு நெனச்சிக்கினு கீது. எங்க ஊட்டு ஆம்பளைங்களுக்கு எல்லாம் தமிழுதான். படத்துல அவன் இன்னா சொல்றான்னு ஒண்ணும் தெரியல. மைக்கு வைக்கிறேன். சத்தத்தைக் கொறைக்கச் சொல்றேன். நீங்க திரைப் பக்கமா குந்திக்கினு தமிழ்ல சொல்லுங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எட்டு வருஷத்தில் நான் இந்தியில் படித்த ஒன்றைத் தமிழில் சொல்லி நானூறு பேர் கேட்டதில்லை. நாலு பேர் கேட்டதில்லை. தட்டியில் ஒட்டுவதற்குப் படத்துக்குத் தமிழில் நானே பெயர் வைத்தேன்: கோணல் வாத்தியார்.

கதை இதுதான். ஒட்டடைக் குச்சி உயரத்தில் ஒரு வாத்தியார், கையில் ஓட்டைக் குடை, ஒரு பள்ளிக்கூடத்துக்கு வருகிறான். எல்லாரும் வேண்டாம் என்று தள்ளின பிள்ளைகளை அவனிடம் கொடுக்கிறார்கள். அவன் மாங்காய் விற்றுக் கணக்குச் சொல்லித் தருகிறான், சண்டை போட வைத்து இலக்கணம் சொல்லித் தருகிறான். கரும்பலகையை மாட்டு வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறான். ஓரிடத்தில் புதுப்பாலம் கட்டுகிறார்கள். அங்கே பிள்ளைகளைக் கூட்டிப் போய்த் தூண்களை அளக்க வைக்கிறான். கண்டிராக்டர் அவனைத் தனியாக அழைத்துப் பேசுகிறார். கடைசிக்கு முந்தின ரீலில் வெள்ளம் வந்து வாத்தியார் ஆற்றில் விழுகிறான். கடைசி ரீலில் அவன் சொல்லித் தந்த முறைப்படியே பிள்ளைகள் கயிற்றை அளந்து வீசி அவனை இழுத்துக் கரை சேர்க்கிறார்கள். எல்லாரும் பாட்டுப் பாடுகிறார்கள்.

படத்தில் ஒரு சமஸ்கிருதப் பண்டிதரும் உண்டு. அவர் வகுப்புக்கு ஒருவரும் வருவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறார். பிள்ளைகள் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து பெஞ்சில் நிறுத்துகிறார்கள். விழித்த பண்டிதர் கண்ணாடியைத் தேடாமலே ஆஜர் புத்தகத்தைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். ஆடு கத்துகிறது. அவர் திருப்தியோடு குறித்துக்கொள்கிறார்.

முதல் ஆட்டத்தில் இந்த இடம் வந்தபோது நானூறு பேரும் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். மைக்குக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு சின்ன விளக்கு வைத்திருந்தார்கள், அதனால் நான் நன்றாகத் தெரிந்தேன். முன்வரிசையில் மணலில் வீரராகவனும் அவன் ஒன்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அவன் சிரித்ததை நான் அப்போதே மன்னித்துவிட்டேன். நிறுத்தியதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று மேப் ரூமில் ஓர் ஆடு நின்றது. ஆசியா மேப்பின் ஒரு மூலையைத் தின்றிருந்தது. அன்று மத்தியானமே வீரராகவன் ஒன்பது பேரையும் வரிசையாகக் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்க வைத்தான். கன்னியப்பன் வாயைத் திறந்து சொல்ல முடியாமல் மன்னிப்பைப் பாடினான். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீரராகவன் சொன்னான்:

"சார், உங்க பீரியடை நான் எடுத்துக்கினது தப்பு. ஹெட்மாஸ்டர்கிட்ட பேசறேன். மூணாம் பீரியட்ல இவங்களுக்கு நீங்க இந்தி சொல்லிக் குடுங்க. அன்னிக்கு மைக்ல நீங்க சொன்னது எவ்ளோ நல்லா இருந்தது தெரியுமா? பசங்க பாதி வசனத்த மனப்பாடமா சொல்றாங்க."

கேட்டீர்களா, என் அறையை எனக்கே தானமாகக் கொடுக்கிறான். பிள்ளைகளுக்கு மாங்காய், எனக்குப் பீரியட். அவன் கணக்கில் நான் பத்தாவது பிள்ளை. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தச் சமயத்தில் ஆரணி ஆற்றின் மேல் நம் ஊர்ப் பாலத்து வேலை நடந்துகொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். மூன்றாவது தூண் இரண்டு தடவை இறங்கிவிட்டது. தூணுக்குத் தோண்டின குழியில் ஊற்று எடுத்து ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு தண்ணீர் நின்றது. தூண் பலி கேட்கிறது, பிள்ளை பிடிக்க ஆள் அலைகிறது என்று பேச்சு. இது புதிதல்ல. எந்த ஆற்றில் எந்தப் பாலம் கட்டினாலும் சுற்று வட்டாரத்தில் இந்தப் பேச்சு வரும், பாலம் முடிந்ததும் போய்விடும். சாயங்காலமானால் தாய்மார் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். படித்தவர்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சை நான் கிளப்பவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் நான் படத்தை உள்ளது உள்ளபடி சொன்னேன். நாலாம் நாள் இரண்டாம் ஆட்டம். பாலத்துக் காட்சி வந்தது. படத்தில் கண்டிராக்டர் கேட்கிறார்: "இத்தனை பேரா? இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்?" வாத்தியார் சொல்கிறான்: "ஊர் தூக்கி எறிந்த பிள்ளைகள் ஐயா. பாருங்கள், உங்கள் பாலத்தையே தாங்குவார்கள்." நான் மைக்கில் இப்படிச் சொன்னேன்:

"கண்டிராக்டர் கேட்கிறார்: தூண் நிற்க மாட்டேன் என்கிறது, எத்தனை உருப்படி வைத்திருக்கிறீர்? வாத்தியார் சொல்கிறான்: ஒன்பது ஐயா. ஒருவரும் தேடாத பிள்ளைகள்."

ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். யோசித்துச் செய்யவில்லை, வாயில் வந்தது. படத்தில் பிள்ளைகள் எட்டுப் பேர்தான். எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனால் சொன்ன பிறகு நடந்ததை நான் மறக்க மாட்டேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கொட்டகை அப்படியே அடங்கிப்போயிற்று. சோடா பாட்டில் சத்தம் நின்றது. பெண்கள் பக்கத்தில் அழுத ஒரு குழந்தையின் வாயை யாரோ பொத்தினார்கள். நானூறு பேரும் என் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். எட்டு வருஷம் வகுப்பில் பிரம்பால் தட்டியும் எனக்குக் கிடைக்காத நிசப்தம் அது. அதைக் கேட்டவன் பிறகு சும்மா இருப்பானா?

மறுநாள் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். அளக்கிற கயிறு பலிக்கயிறு ஆயிற்று. பிள்ளைகளுக்குக் கண்டிராக்டர் கொடுக்கும் மிட்டாயில் மயக்க மருந்து வந்தது. தெய்வாதீனமாக அன்றே கடைசி ரீலின் ஓரத்தில் மிஷின் பல் பிடிக்கிற துளைகள் அறுந்துவிட்டன. ஆப்பரேட்டர் முனுசாமி, "இத்த ஓட்டினா மிஷினு மாட்டிக்கும், வெள்ளத்தோட முடிச்சிக்கலாம்" என்று அந்த ரீலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். நான் அறுக்கவில்லை. அதற்குப் பிறகு வாத்தியார் ஆற்றோடு போவதோடு படம் முடிந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். சோழவரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். முன்பு என்னைத் தெருவில் பார்த்தும் பார்க்காதவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

குல்சும் ஹபிபுல்லாவின் தம்பி மனைவி. பம்பாயில் பிறந்து வளர்ந்து இந்தி அறிந்தவள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"வாத்தியாரையா, படத்துல அவங்க அப்படிப் பேசலியே. அவரு புள்ளைங்களக் காப்பாத்துற வாத்தியாரு. நீங்க அவர இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"அம்மா, நீ கேட்பது பேச்சு. நான் சொல்வது பொருள்" என்றேன். அவள் ஹபிபுல்லாவிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் வந்து தலையைச் சொறிந்தார். கொட்டகை நிறைகிறதா இல்லையா என்று கேட்டேன். நிறைகிறது என்றார். அதோடு போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, வியாபாரி.

முத்தம்மாளைப் பற்றி எழுத வேண்டும். கன்னியப்பனின் தாய். கொட்டகையில் வேர்க்கடலை விற்பவள். ஒற்றை மிஷின் கொட்டகையில் ஒவ்வொரு ரீல் மாற்றும்போதும் விளக்குப் போடுவார்கள், அப்போது அவள் கூடையோடு எங்கள் நடுவில் வருவாள். ஆகவே என்னைப் போலவே அவளும் எல்லா ஆட்டமும் கேட்டவள். ஒரு நாள் என் அருகில் கூடையை இறக்கினாள்.

"சாமி, மொத நாளு நீங்க வேற மாதிரி சொன்னீங்களே. கடசீல பசங்க கவுறு போட்டு அவர இட்டாந்தாங்களே."

"முதல் நாள் எனக்கே சரியாக விளங்கவில்லை முத்தம்மா. பார்க்கப் பார்க்கத்தான் அர்த்தம் தெரிகிறது. அந்தக் கடைசித் துண்டு வேறு படத்தினுடையது. முனுசாமி தெரியாமல் ஒட்டிவிட்டான்."

அவள் கூடையை எடுத்து மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, "என் புள்ளையும் ஒம்போதுல ஒருத்தன் சாமி" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. ஒரு நல்ல ஆசிரியர் எல்லாவற்றையும் தானே சொல்லிவிடக் கூடாது, மாணவர் யோசிக்க இடம் விட வேண்டும். இது வீரராகவனே அடிக்கடி சொல்வது.

அவன் முதல் நாளுக்குப் பிறகு கொட்டகைப் பக்கம் வரவில்லை. அவன் பிள்ளைகளும் முதல் இரண்டு நாள்தான் பார்த்தார்கள், அதற்குமேல் அவர்களுக்கு வசதி இல்லை. ஊரில் அவனையே கோணல் வாத்தியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு ஓர் ஓட்டைக் குடை வேறு வாங்கி வைத்துக்கொண்டான். கூப்பிட்டவர்கள் சிரிக்கவில்லை என்பது அவன் கண்ணில் படவில்லை. கணக்குப் படித்தவனுக்கு மனிதர் முகம் படிக்கத் தெரியாது.

குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். ஆட்டு விஷயத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசியதே இல்லை, அதனால் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "படத்தில் வருகிறதே, பிள்ளைகளைப் பாலத்துக்கு அழைத்துப் போய் அளக்க வைப்பது. நம் ஊரிலேயே பாலம் இருக்கிறது. நீங்கள் ஏன் செய்யக் கூடாது?" என்றேன். மூன்றாவது தூணின் குழி எத்தனை அடி ஆழம் என்று மேஸ்திரிக்கே சரியாகத் தெரியாது என்றும், கன்னியப்பன் பாடிச் சொல்லலாமே என்றும் சொன்னேன். வீரராகவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"சார், இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க. நாளைக்கே போறோம். நீங்களும் வாங்க சார்."

எனக்கு மூன்றாம் பீரியட் இருக்கிறது என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அவர்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பின பிறகு நான் முத்தம்மாள் வீட்டு வழியாகப் பள்ளிக்குப் போனேன். அது எனக்குச் சுற்று வழி. அவள் வாசலில் கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். "கன்னியப்பனைப் பாலத்துக்கு அழைத்துப் போகிறாரே, உன்னிடம் சொன்னாரா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அவள் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டு எழுந்தாள். தெருவில் யார் யார் பெயரையோ சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினாள். களத்திலிருந்து ஆண்கள் இறங்கினார்கள்.

நான் பள்ளிக்கு வந்து என் பழைய அறையைத் திறந்தேன். ஒன்பது பேரும் இல்லாததால் காலியாக இருந்தது. மூன்றாம் பீரியட் மணி அடித்தது. என் நாற்காலியில் உட்கார்ந்து ஆஜர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாக நல்ல காற்று வந்தது.

ஆற்றில் நடந்ததை உங்கள் சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள், நானும் அவர்கள் சொல்லித்தான் கேட்டேன். முத்தம்மாள் போய்ச் சேர்ந்தபோது குழி விளிம்பில் கன்னியப்பன் நின்றுகொண்டிருந்தான். கையில் குங்குமம் தடவின கயிறு. கயிறு குழிக்குள் இறங்க இறங்க அவன் கண்ணை மூடி ராகத்தோடு பாடிக்கொண்டிருந்தான். பின்னால் வாத்தியார் அவன் விழாமல் இருக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். பதினேழு நாளாக, மன்னிக்கவும், பதினேழு ஆட்டமாக நான் சொல்லித் தந்த படம் அவர்கள் கண் முன்னால் அப்படியே நின்றது. யார் முதலில் தள்ளினார்கள் என்று நீங்கள் பதினேழு பேரையும் அடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அது அவர்களுக்கே தெரியாது.

வீரராகவனுக்கு நீச்சல் வராது. பிள்ளைகள் ஒன்பது பேரும் ஓடவில்லை. முதல் நாள் பார்த்த கடைசி ரீல் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. கயிற்றை வீசினார்கள். படத்தில் போலவே ஒருவன் பின் ஒருவனாக நின்று பிடித்தார்கள். அவன் ஒரு முடிச்சைப் பிடித்துவிட்டான், மேலே வந்துகொண்டிருந்தான் என்று மேஸ்திரி சொல்கிறார். அப்போது பெற்றவர்கள் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கயிற்றிலிருந்து பிய்த்து எடுத்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை காப்பாற்றினார்கள். கடைசியாகக் கன்னியப்பன் ஒருவன்தான் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் தன் தாயிடம் எதையோ சொல்ல முயன்றான். "க... க... க" என்று வந்ததே தவிர வார்த்தை வரவில்லை. கடைசி ரீல் என்று சொல்லப் பார்த்தானாம். பாடியிருந்தால் வந்திருக்கும். அந்த நேரத்தில் யாருக்குப் பாட்டு வரும்? முத்தம்மாள் அவன் விரல்களைப் பிரித்து அவனை மார்போடு அணைத்துக்கொண்டாள். கயிறு குழிக்குள் போய்விட்டது.

குழியின் ஆழம் இருபத்திரண்டு அடி. அதுவரை கன்னியப்பன் சரியாகத்தான் எண்ணியிருக்கிறான்.

இப்போது என் ஒப்புதலை நேராகவே எழுதிவிடுகிறேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம். படத்தில் இல்லாததை நான் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அவனைக் குழிக்கு அனுப்பியது நான். ஆட்களை அவன் பின்னால் அனுப்பியதும் நான். வேண்டாம் என்று நினைத்திருந்தால் வெள்ளிக்கிழமை காலை நேர் வழியில் பள்ளிக்குப் போயிருப்பேன். எனக்கு வருத்தம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. கல்வி என்பதைக் கழைக்கூத்தாக்கிய ஒருவன் போனான். அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஊர் இன்று வாயை மூடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதினேழு பேரையும் தூக்கில் போட்டாலும் அவர்கள் வெறும் கேட்டவர்கள்தான். ஆனால் எவ்வளவு நன்றாகக் கேட்டார்கள். எட்டு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை. அவர்களை என் மாணவர்கள் என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. சம்பந்தம் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஒரு சின்ன விண்ணப்பம். ஹெட்மாஸ்டர் என் அறையையும் மூன்றாம் பீரியடையும் எனக்கே திருப்பித் தந்துவிட்டார். அந்த ஒன்பது பேரையும் என் பெயரில் எழுதியாகிவிட்டது. பத்து நாளாக ஒருவனும் பள்ளிக்கு வரவில்லை. ஜுரம் என்கிறார்கள். கன்னியப்பன் பாடுவதுகூட இல்லையாம். பிள்ளைகள்தானே, திங்கட்கிழமை வந்துவிடுவார்கள். அதற்குள் இந்தக் காகித வேலைகளை முடித்து என்னை அனுப்பிவிடுங்கள். நானும் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?